நீலச் சீட்டுக்குள் பன்னிரண்டரை லட்சம் உயிர்… தெரியுமா?

30 கிலோ விதைநெல் மூட்டை ஒன்றில் எத்தனை மணி இருக்கும், தெரியுமா? உட்கார்ந்து எண்ண வேண்டாம், கணக்குப் போட்டாலே போதும். சம்பாப் பட்டத்து சி.ஆர். 1009 ரகத்தில் ஆயிரம் மணியின் எடை ஏறத்தாழ 24 கிராம். அப்படியென்றால் ஒரு மூட்டைக்குள் பன்னிரண்டரை லட்சம் மணி! 2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே இரண்டு லட்சம்தான். ஒவ்வொருவர் கையிலும் ஆறு ஆறு மணியாக வைத்துக்கொண்டே போனாலும் மூட்டையில் மிச்சம் இருக்கும்.

இத்தனை உயிரும் ஒரே ரகம்தான் என்று யார் சொல்வது? மூட்டையின் வாயோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்களே, 15 செ.மீ. நீளத்தில் 7.5 செ.மீ. அகலத்தில் ஒரு நீல நிறச் சீட்டு, அதுதான் சொல்கிறது. நம்மில் பாதிப் பேர் மூட்டையைப் பிரிக்கும்போதே அதைக் கிழித்து வரப்போரம் போட்டுவிடுகிறோம். ஐயோ, போடாதீர்கள்! அந்தச் சீட்டுக்குப் பின்னால் நான்கு தலைமுறைக் கதை இருக்கிறது.

முதல் தலைமுறைக்குக் கரு விதை என்று பெயர். ரகத்தின் குணம் அச்சு அசலாக இருக்கிற கதிர்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, ஒரு கதிரின் மணியை ஒரு தனி வரிசையாக நடுகிறார்கள். வரிசையில் ஒரே ஒரு செடி உயரத்திலோ இலையிலோ பூக்கும் நாளிலோ வேறு மாதிரி நின்றால், அந்த வரிசையே கழிந்தது! தப்பித்து நின்ற வரிசைகளின் நெல்லில் இருந்து வருவது வல்லுநர் விதை, அதற்குப் பொன்மஞ்சள் சீட்டு. அதை விதைத்து எடுப்பது ஆதார விதை, வெள்ளைச் சீட்டு. ஆதார விதையில் இருந்து சான்று விதை, நம் கைக்கு வரும் நீலச் சீட்டு. பச்சைச் சீட்டு ஒன்றும் கடையில் பார்க்கலாம். அது உண்மைநிலை விதை. அதற்குச் சான்று கிடையாது, உற்பத்தி செய்தவரின் சொந்த உறுதிமொழி மட்டும்தான்.

இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள், மலைத்துப் போவீர்கள். நெல்லில் ஒரு கிலோ விதை 80 கிலோ விதையாகும் என்பது விதைத் துறையின் வழக்கமான கணிப்பு. ஒரு கிலோ வல்லுநர் விதை 80 கிலோ ஆதார விதையாகிறது. அந்த 80 கிலோ, 6,400 கிலோ சான்று விதையாகிறது. ஏக்கருக்கு 30 கிலோ மூட்டை ஒன்று என்று வைத்தாலும் 213 ஏக்கர்! ஒரு கையால் தூக்கிவிடுகிற ஒரு கிலோவுக்குள் ஓர் ஊரின் வயலே சுருண்டு படுத்திருக்கிறது. நல்லது இப்படிப் பெருகும் என்றால் தப்பும் இப்படியே பெருகும். முதல் கிலோவில் நுழைந்த ஒரு கலப்பு மணி 80 ஆகி, 6,400 ஆகி நம் வயலுக்கு வரும். கரு விதையில் ஒரு செடிக்காக ஒரு வரிசையையே கழிக்கிறார்களே, அந்தக் கடுமை ஏன் என்று இப்போது புரிகிறதா?

சரி, விதைப் பயிருக்கும் பக்கத்து வயலுக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும், தெரியுமா? வெறும் 3 மீட்டர்! கம்பு ரகத்துக்கு 200 மீட்டர் கேட்கிற அதே விதிப் புத்தகம் நெல்லுக்கு 3 மீட்டர் போதும் என்கிறது. நெற்பூவின் குணம் அப்படி. முற்பகலில் உமி லேசாகப் பிளந்து மகரந்தப் பைகள் வெளியே தலைநீட்டும். அதற்குள் தன் மகரந்தமே தன் சூல்முடியில் விழுந்து காரியம் முடிந்திருக்கும். வெளியே பறக்கிற மகரந்தத்துக்கு உயிர் சில நிமிடங்கள்தான். மதியத்துக்குள் உமி மூடிக்கொள்ளும். இப்படித் தன்னில் தானே கருவுறுகிற பயிர் என்பதால்தான் நெல்லில் நாமே விதை எடுத்து வைத்துக்கொள்ள முடிகிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுச் சான்று விதைக்கு மாறினால் போதும் என்று சொல்வதும் இதனால்தான். ஆனால் வீரிய ஒட்டு நெல் என்றால் கதையே வேறு. அதன் சான்று விதை உற்பத்திக்கு 100 மீட்டர் விலக்கு வேண்டும், வருடா வருடம் புது விதையும் வாங்க வேண்டும்.

விதைப் பயிரில் கலவன் எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அறுவடைக்கு முன் ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள். நெடுங்காடு பக்கம் ஒரு காலை, பனி காயாத வயலில் ஐந்தாறு பெண்கள் வரிசை பிடித்து மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். எனக்கு எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிந்தது. முன்னால் போன அம்மா நின்று கையை நீட்டினார். “அதோ தலய நீட்டிக்கிட்டு நிக்குது பாருங்க தம்பி, அது நம்ம வீட்டுப் புள்ள இல்ல.” ஒரு சாண் கூடுதல் உயரம், கண்ணாடி இலை கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது, மணி நுனியில் மீசை. அவ்வளவுதான் வித்தியாசம்! கதிரை மட்டும் ஒடிக்கவில்லை. தூரோடு பிடுங்கி, வேரில் ஒட்டிய சேற்றை உதறி, தோளில் போட்டு வரப்புக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார். ஒரு தூரில் பத்துப் பதினைந்து கதிர் வரும், ஒன்றை விட்டாலும் நூறு மணிக்கு மேல் விதையோடு கலந்துவிடும் அல்லவா?

அதன்பிறகுதான் சான்று அலுவலர் வருகிறார். பூக்கும் பருவத்தில் இருந்து அறுவடைக்குள் குறைந்தது இரண்டு ஆய்வு. சான்று விதைப் பயிரில் பிற ரகச் செடி நூற்றுக்கு 0.20 வரை இருக்கலாம், அதாவது 500 செடிக்கு ஒன்று. ஆதார விதையில் 0.05, அதாவது 2,000 செடிக்கு ஒன்று. காட்டு நெல்லுக்கு இன்னும் கெடுபிடி. சான்று விதைப் பயிரில் 5,000 செடிக்கு ஒன்றைத் தாண்டினால் அந்த வயல் விதைக்கு ஆகாது! காட்டு நெல் மேல் ஏன் இவ்வளவு கோபம்? அது பழுத்ததும் தானே உதிர்ந்து மண்ணுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று நினைத்தபோது முளைத்து வரும். நாற்றாக இருக்கும்போது நல்ல நெல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு பட்டத்தில் வயலுக்குள் நுழைந்த காட்டு நெல்லைத் துரத்தப் பல பட்டம் ஆகும்.

இந்தக் கலப்பு என்ன செய்யும் என்பதை நான் சித்தப்பா வயலில் பார்த்தேன். ஒரு சம்பாவுக்கு, அவசரத்தில், சீட்டே இல்லாத மூட்டை நெல்லை ஒரு கடையில் வாங்கி விட்டார். நட்டு, களை எடுத்து, உரம் போடுகிறவரை ஒரு குறையும் தெரியவில்லை. கதிர் வந்தபோது வயல் மாடிப்படி மாதிரி நின்றது. ஒரு பங்கு பழுத்து உதிர ஆரம்பித்தது, ஒரு பங்கு பால் பிடித்துக்கொண்டிருந்தது. அறுவடை இயந்திரத்துக்குப் பழுத்தது எது, பச்சை எது என்று தெரியுமா? எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிக் கொட்டியது. அரசுக் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான், முற்றாத சுருங்கிய மணி 3 சதவீதம் வரைதான், தாழ்ந்த ரகக் கலப்பு 6 சதவீதம் வரைதான். அந்தக் குவியலைக் காயவைத்துத் தூற்றி, மறுபடி காயவைத்து… பத்து நாள் களத்திலேயே கிடந்தார் சித்தப்பா. விதையில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் ஆள்கூலியிலேயே போய்விட்டது. உதிர்ந்த நெல் கணக்கில் சேராது.

அதுவும் காரைக்கால் கடைமடை! மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 திறக்கிற தண்ணீர் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை, நாகை வயல்களை எல்லாம் நனைத்துவிட்டுக் கடைசியாக அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராஜனாறு என்று பிரிந்து இங்கே வந்து கடலைப் பார்க்கிறது. 2007 காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பில் காரைக்காலுக்கு 7 டி.எம்.சி. என்று எழுதினார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம், தமிழ்நாடு பங்கை மாற்றியபோதும் அந்த 7-ஐத் தொடவில்லை. ஆனாலும் வாய்க்காலில் தண்ணீர் வரும் நாள் நம் கையில் இல்லை. தண்ணீர் வந்த அன்று நாற்று விடுகிறோம். பாதி முளைக்காமல் போனால்? மறு நாற்று விட்டு, அது வளர்ந்து நடுவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து வாசலில் நிற்கும். தலைமடைக்காரருக்கு இரண்டாவது வாய்ப்பு இருக்கலாம். கடைமடைக்கு விதை ஒரே தடவையில் முளைத்தாக வேண்டும்.

அதற்குத்தான் முளைப்புத்திறன் சோதனை. ஒரு குவியலில் இருந்து எடுத்த மாதிரியில் 400 மணியை எண்ணி, நூறு நூறாகப் பிரித்து, ஈரத்தில் வைத்து, 14-ஆம் நாள் கடைசிக் கணக்கு எடுப்பார்கள். 320 மணியாவது ஒழுங்கான நாற்றாக நிற்க வேண்டும், அதாவது 80 சதவீதம். சுத்தம் 98 சதவீதம். பிற பயிர் விதை கிலோவுக்கு 20-க்கு மேல் இருக்கக் கூடாது. சி.ஆர். 1009 ஒரு கிலோவில் 41,000 மணிக்கு மேல் இருக்கிறது, அதில் 20! உங்கள் வீட்டு விதைக்கும் இதைச் செய்து பார்க்கலாம். நூறு மணியை எண்ணி நனைத்த சாக்கில் வரிசையாகப் பரப்பி, சுருட்டிக் கட்டி, நிழலில் வைத்துத் தினம் தண்ணீர் தெளியுங்கள். பிரிக்கிற அன்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடற்காற்றுக்கும் விதையின் ஆயுளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, தெரியுமா? ஜேம்ஸ் ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை அறிவியலாளர் ஓர் எளிய விதி சொன்னார். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தால் மறுபடி இரட்டிப்பு. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்! 11 சதவீதத்தில் காய்ந்திருந்த நெல் ஐப்பசி கார்த்திகைக் காற்றைக் குடித்து 14-க்குப் போனால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. சாக்கில் அடைக்கும் நெல்விதைக்கு ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சான்று 9 மாதம்தான் செல்லும் என்று வைத்திருப்பதன் நியாயம் இதில் இருக்கிறது. கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று கடலை ஒட்டிய ஊர்களில் விதை மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல், சுவரில் இருந்து தள்ளி அடுக்குவதும் சும்மா இல்லை.

இனி எனக்கு மயிர்க்கூச்செறிய வைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். சி.ஆர். 1009 தெரியும். கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது, தமிழ்நாட்டில் பொன்மணி. சி.ஆர். 1009 சப்-1 என்று ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அதே குண்டு மணி, அதே நிறம், அதே எடை. என்னால் சொல்ல முடியவில்லை, ஐம்பது வருடம் விவசாயம் பார்த்தவராலும் முடியாது. நவம்பர் மழையில் வயல் மூழ்கட்டும், அப்போது தெரியும்! சாதாரண நெல் தண்ணீருக்குமேல் தலையைத் தூக்கிவிடத் தவித்து, இருக்கிற சேமிப்பை எல்லாம் செலவழித்து நீண்டு, தண்ணீர் வடிகிறபோது துவண்டு சாகும். சப்-1 வளராமல், சேமிப்பைச் செலவழிக்காமல், மூச்சடக்கிய முத்துக்குளிப்பவர் மாதிரி இரண்டு வாரம் வரை உள்ளே காத்திருக்கும். தண்ணீர் வடிந்ததும் புதுக் குருத்து விடும். இந்தக் குணம் வந்தது எஃப்.ஆர். 13ஏ என்ற ஒடிசா நாட்டு நெல்லில் இருந்து. அதற்குக் காரணமான மரபணு எது என்று 2006-இல் கண்டுபிடித்து அறிவித்தார்கள்.

வெள்ளம் வந்த பிறகுதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் என்றால், விதைக்கிற அன்று அதை எப்படி நம்புவது? கண்ணால் முடியாது, கடித்துப் பார்த்தும் முடியாது. இது எந்தக் கதிரில் இருந்து, எந்த வயலில் இருந்து, யார் கண்முன்னால் வந்தது என்ற தொடர் அறுந்துபோகாமல் இருந்தால் மட்டுமே முடியும். நீலச் சீட்டில் எனக்குப் பெரிதாகப் படுவது முளைப்புத்திறனை விட இதுதான். சீட்டில் இருக்கும் குவியல் எண்ணைப் பாருங்கள். அறுவடையான மாதமும் ஆண்டும், விளைந்த இடம், சுத்தம் செய்த ஆலை, உற்பத்திக் குறியீடு எல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய அரசு ‘சாத்தி’ என்ற விதைத் தடமறி இணையதளத்தைத் தொடங்கியது. கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினால் விதையின் பூர்வீகத்தைச் சொல்வதற்கான ஏற்பாடு அது.

மூட்டைமேல் போட்டிருக்கும் எழுத்துகளும் ஊர்ப்பெயர்கள்தான், தெரியுமா? ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை. 1922-இல் அங்கே தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. பி.பி.டி. ஆந்திரத்துப் பாபட்லா, ஏ.எஸ்.டி. அம்பாசமுத்திரம், டி.ஆர்.ஒய். திருச்சி. பி.ஒய்.? நம் புதுச்சேரி! பி.ஒய். 1 புதுவைப் பொன்னி, பி.ஒய். 3 பாரதிதாசன். இடையில் இருக்கும் பி.ஒய். 2-இன் பெயரைக் கேட்டால் காரைக்கால்காரர் நெஞ்சு நிமிரும். புனிதவதி! மாங்கனித் திருவிழாவில் நாம் வீசி எறிகிற மாங்கனிக்கெல்லாம் சொந்தக்காரியான காரைக்கால் அம்மையாரின் பிறந்த பெயர் ஒரு நெல்லுக்கும் இருக்கிறது. எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் நாட்டு நெல்லுக்கு இந்த நீலச் சீட்டு எளிதில் கிடைக்காது. 1966 விதைச் சட்டப்படி, அரசு அறிவிக்கை செய்த ரகத்துக்கு மட்டுமே சான்று. குழியடிச்சானும் களர்ப்பாலையும் உவர் மண்ணைத் தாங்கும் நெல் என்பது இந்தக் கடற்கரைக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். 2004 டிசம்பர் 26-இல் கடல் ஏறி வயலில் உப்பை விட்டுப் போன பிறகு அந்தப் பெயர்களுக்கு மறுபடி மரியாதை வந்தது. அவற்றை விதையாகக் காப்பாற்றியது சீட்டு இல்லை, மனிதர்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் 2006-இல் இருந்து நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களைச் சேர்த்தார். இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை! 2018 டிசம்பரில் அவர் மறைந்தார், நெல் கைமாறிக்கொண்டே இருக்கிறது. நாட்டு ரகங்களுக்கும் பரிசோதனைக் கூடத்தின் கண்ணும் சான்றும் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒன்றை ஒன்று ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை. விவசாயி தன் நெல்லை விதையாக எடுத்துவைக்கலாம், பரிமாறலாம், விற்கவும் செய்யலாம், வணிகப் பெயர் போட்டு மட்டும் விற்கக் கூடாது என்று 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டமே உரிமை கொடுத்திருக்கிறது.

விதைக் கலப்படம் இப்போது வந்த வியாதி என்று நினைத்தீர்களா? 1869-இல் பிரிட்டனில் விதைக் கலப்படத்தைத் தடுக்க ஒரு சட்டமே போட்டார்கள். அங்கே என்ன செய்தார்களாம்? மலிவான விதையைச் சூட்டில் வாட்டிக் கொன்று, நல்ல விதையோடு கலந்து விற்றார்கள்! உயிரோடு கலந்தால் முளைத்துக் காட்டிக்கொடுத்துவிடுமே, அதனால் கொன்று கலப்பது. அதே 1869-இல் ஜெர்மனியின் தராண்ட் என்ற சிற்றூரில் ஃபிரெட்ரிக் நோபே உலகின் முதல் விதைப் பரிசோதனைக் கூடத்தைத் தொடங்கினார். நம் பக்கத்துக்கு வருவோம். காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. தேசிய விதைக் கழகம் வந்தது 1963, விதைச் சட்டம் 1966. சட்டப்படி இணைந்த சூட்டோடு நீலச் சீட்டும் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

சான்று விதையே வாங்கினாலும் நாற்றங்காலுக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் வீட்டில் சித்தியின் பொறுப்பு அது. பத்து லிட்டர் தண்ணீர் பிடித்த அண்டாவில் ஒரு கோழிமுட்டையைப் போடுவார், அது அடியில் போய் உட்காரும். உப்பை அள்ளி அள்ளிப் போட்டுக் கரைக்கக் கரைக்க, ஒன்றரை கிலோ வாக்கில் முட்டை மெல்ல எழும்பி, பழைய நாலணாக் காசு அளவுக்குத் தண்ணீருக்குமேல் முதுகைக் காட்டும். “போதும், நெல்லக் கொட்டுங்க.” பதரும் அரைகுறை மணியும் மேலே மிதக்கும், அதை வாரிக் கோழிக்குப் போட்டுவிடலாம். திடமான மணி மட்டும் அடியில் தங்கும். அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசியாக வேண்டும், உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். பிறகு ஒரு நாள் ஊறல், ஒரு நாள் இருட்டில் மூட்டம். மறுநாள் சாக்கைப் பிரித்தால் வெதுவெதுப்பான ஒரு வாசம் வரும் பாருங்கள், மணிக்கு மணி வெள்ளை மூக்கு நீட்டியிருக்கும்.

சித்தப்பா இப்போது சீட்டைக் கிழிப்பதில்லை, நூலைப் பிரித்து முழுசாக எடுக்கிறார். கடை ரசீதோடு சேர்த்து நாட்காட்டி மாட்டிய ஆணியில் குத்திவைத்திருக்கிறார். பக்கத்து மாடத்தில் ஒரு காலி மருந்துப் புட்டியில், அந்த மூட்டையில் இருந்தே எடுத்த ஒரு பிடி நெல். அறுவடை முடிந்து நெல் விற்றுப் பணம் கைக்கு வருகிறவரை இரண்டும் அங்கேயே இருக்கும்.